ஒரே துளையில் இரண்டு

சென்ற ஆடி மாதம் வரை, ராமநாதபுரம் வட்டாரத்தில் துப்பாக்கி சுடுதல் என்று பேச்சு வந்தால் கடைசிச் சொல் என்னுடையதாகத்தான் இருந்தது.

தற்பெருமை என்று எண்ண வேண்டாம், நிலவரத்தைச் சொல்கிறேன். மாணவனாக இருந்தபோது கல்லூரித் துப்பாக்கி அணியின் கேப்டன். பிறகு அதே கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர், என்.சி.சி. அதிகாரி. ஓய்வுக்குப் பின் எங்கள் ரைஃபிள் க்ளப்பின் கௌரவச் செயலாளர். ஞாயிறு காலை, சலவை செய்த வெள்ளைச் சட்டையில் நான் மைதானத்துக்குள் நுழைந்தால் பேசிக்கொண்டிருப்பவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். நிறுத்த வேண்டும் என்று நானும் எதிர்பார்ப்பேன்.

நாளிதழில் நான் எழுதும் இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு நினைவிருக்கலாம். திருப்பாலைக்குடியில் இருந்து ஒரு வாசகர் முன்பொரு முறை கேட்டிருந்தார்: "பாயிண்ட் டூ-டூ ரைஃபிளில் வெளிநாட்டுத் தயாரிப்புக்குக் கார் விலை சொல்கிறார்கள். அவ்வளவு கொடுக்கலாமா சார்?"

பாயிண்ட் டூ-டூ என்பது சின்னத் தோட்டா. சுண்டுவிரல் நுனி அளவுகூட வராது. அடியில் நடு மையத்தில் அல்ல, விளிம்பில் அடிபட்டு வெடிப்பது. ஐம்பது மீட்டர் தள்ளி ஓர் அட்டை. அதன் நடுவே, பத்து மதிப்பெண்ணுக்குரிய வட்டம் ஒரு சட்டைப் பொத்தான் அளவு. அதில் அடிக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

நான் அன்று எழுதிய பதில் இது: "விலை உயர்ந்த துப்பாக்கியை வாங்குகிறவர் துல்லியத்தை வாங்கவில்லை. சாக்கை வாங்குகிறார். க்ளப் துப்பாக்கியில் பத்து அடிக்காதவர் எதிலும் அடிக்க மாட்டார்."

நன்றாக இருக்கிறது என்றார்கள். பத்தியை வெட்டி க்ளப்பின் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். ஒட்டியதை நான் தடுக்கவில்லை.

இப்படி இருக்கையில்தான் சீனி முகம்மது அந்தத் துப்பாக்கியை வாங்கினார்.

சீனி முகம்மது கீழக்கரைக்காரர். கல்லூரி அணியில் நான் கேப்டன், அவர் அடுத்தவர். படிப்பு முடிந்ததும் வளைகுடா போய், ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டிவிட்டு, மூன்று வருடங்களுக்கு முன்பு நிரந்தரமாக ஊர் திரும்பினார். திரும்பியவர் ஞாயிறு தவறாமல் க்ளப்புக்கு வருவார். ஆனால் சுட மாட்டார். நாற்காலியைப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, மற்றவர்களின் மதிப்பெண்ணைக் குறித்துக்கொண்டிருப்பார்.

நான் சும்மா இருந்தேனா? இல்லை. "கல்ஃபில் ஏசி காற்று வாங்கிய கை... துப்பாக்கியைத் தூக்குமா?" என்று எல்லோர் முன்னிலையிலும் ஒருமுறை கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். சீனியும் சிரித்தார்.

எங்கள் பக்கத்தில் இந்து, முஸ்லிம் நண்பர்களுக்குள் மாமன், மாப்பிள்ளை என்று முறை வைத்து அழைத்துக்கொள்வது வழக்கம். சீனி எனக்கு இரண்டு பெயர் வைத்திருந்தார். தனியாக இருந்தால் 'மாப்ள'. நாலு பேர் முன்னால் 'சார்'. நான் கேட்டு அப்படி அழைக்கவில்லை... வேண்டாம் என்றும் சொன்னதில்லை.

லைசென்ஸ், அனுமதி என்று ஒன்றரை வருடம் அலைந்து, கடைசியில் ஒரு நீளப் பெட்டியோடு க்ளப்புக்கு வந்தார். நான் மட்டும்தான் இருந்தேன்.

"மாப்ள, திட்டுறதா இருந்தா இப்பவே திட்டிரு. மத்தவுக வந்தப்புறம் திட்டாத."

பெட்டியைத் திறந்தார். துப்பாக்கியா அது? முழுக்கத் திருகாணியும் தண்டும் தகடுமாக, பல் ஆஸ்பத்திரி நாற்காலி போல இருந்தது.

"சீனி, நான் எழுதினதைப் படிச்சியா, இல்லையா?"

"படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருந்த."

"படிச்சிட்டுமா வாங்குன?"

"ஆமா... படிச்சிட்டுத்தான்."

அதற்குள் காசிநாதன் வந்துவிட்டார். முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய் விவசாயம். வாய் மட்டும் எந்த வெயிலிலும் காயாது. பெட்டியைச் சுற்றி ஒரு வலம் வந்தார்.

"பாய், என்ன இது! இதுல ஏசி இருக்கா?"

"இருக்கு. ஒம் மொளகா காயப்போட எடமும் இருக்கு. கொண்டாந்து கொட்டு."

"இல்ல, செயலாளர் சார் எழுதுன பத்தி அங்கன ஒட்டியிருக்கே... கண்ணாடி போட்டுட்டு வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

சீனி என் பக்கம் திரும்பினார். வெறும் தலையைத் திருப்பவில்லை. தோளோடு, உடம்போடு திரும்பினார். அவர் எப்போதும் அப்படித் திரும்புவதை மூன்று வருடமாகப் பார்த்திருக்கிறேன். கனவான் தோரணை என்று நினைத்திருந்தேன்.

"சார் சொன்னது சரியாத்தான் இருக்கும்" என்றார்.

மறு ஞாயிறு ஒரு சோதனை வைத்தேன். இயற்பியல்காரன் அல்லவா? மனிதக் கை படாமல், இரண்டு துப்பாக்கிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக வைஸ் என்னும் இரும்புப் பிடியில் இறுக்கி, ஒரே பெட்டித் தோட்டாக்களைப் பத்துப் பத்தாகச் சுட்டோம். சீனியின் துப்பாக்கி பத்துக் குண்டுகளையும் ஏறக்குறைய ஒரு சட்டைப் பொத்தானுக்குள் போட்டது. க்ளப் துப்பாக்கி ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் பரப்பியது. வேறு பெட்டித் தோட்டா போட்டுப் பார்த்தேன். க்ளப் துப்பாக்கியின் பரப்பு பாதியாகச் சுருங்கியது! ஒவ்வொரு குழலுக்கும் பிடித்த தோட்டா ஒன்று உண்டு. சில குழந்தைகளுக்கு ஒரு கை ஊட்டினால்தான் சோறு இறங்குவது போல.

"பாத்தியா?" என்றேன். "ஒரு கார் விலைக்கும் ஒரு பெட்டித் தோட்டாவுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம், கடைசியில அரைப் பொத்தான். இதுக்கா அவ்வளவு ரூபாய்?"

சீனி சிரித்தார். காசிநாதனும் மற்றவர்களும் தேநீருக்குப் போகும்வரை காத்திருந்தார்.

"நான் அதுக்கா வாங்குனேன் மாப்ள?"

க்ளப் துப்பாக்கியை எடுத்தார். எங்கள் க்ளப்பில் மூத்தவர்கள் மேசையில் அமர்ந்து, மணல் பை மேல் துப்பாக்கியை வைத்துச் சுடுவது முறை. சீனி அப்படி உட்கார்ந்தார். துப்பாக்கியைத் தோளில் வைத்தார். கன்னத்தை மரத்தில் சாய்க்கக் குனிந்தார்.

கழுத்து குனியவில்லை. கன்னத்துக்கும் மரத்துக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடைவெளி. கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் கட்டியது. இடைவெளி அப்படியே இருந்தது.

"கிரேன்ல இருந்து இறங்கையில ஏணி வழுக்கிருச்சு. கழுத்துல ரெண்டு எலும்பை ஒண்ணாச் சேத்துத் தகடு வச்சு முடுக்கியிருக்கான். இதுக்கு மேல வளையாது."

"எப்ப?"

"ஆச்சு... பத்து வருசம்."

பத்து வருடத்தில் எத்தனை முறை தொலைபேசியில் பேசியிருப்போம்! ஒவ்வொரு முறையும் "நல்லா இருக்கேன், அல்ஹம்துலில்லாஹ்" என்றுதான் சொன்னார். ஏசி காற்று என்று நான் கேலி செய்தபோதும் இந்தக் கழுத்தோடுதான் சிரித்திருக்கிறார்.

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா, எல்லாரும் என்னய உக்கார வச்சு டீ குடுப்பீக. அதுக்கு நீ கேலி பண்றதே தேவல." பிறகு தன் துப்பாக்கியைத் தொட்டார். "இதுல கன்னம் வைக்கிற கட்டை தனியா இருக்கு பாரு. திருகுனா மேல வரும். குறி பாக்குறதையும் அதே ஒசரத்துக்கு ஏத்தலாம். என் கன்னம் கீழ போக வேணாம் மாப்ள. துப்பாக்கி மேல வரும்."

நான் படித்த பள்ளி வேறு. என்.சி.சி.யில் எங்களுக்கு ஒரே அளவுத் துப்பாக்கிதான். நெட்டையனோ குட்டையனோ, அதற்கு ஏற்றபடி உடம்பை மடக்க வேண்டியது அவன் பொறுப்பு. நானும் அப்படித்தான் கற்பித்தேன். மடங்காத உடம்பு ஒன்று இருக்கலாம் என்று ஏன் எனக்குத் தோன்றவில்லை?

அவர் தன் துப்பாக்கியைத் தோளில் வைத்ததும், அப்படியே அசையாமல் உட்காரச் சொன்னேன். அந்தக் கட்டையைப் பிடித்திருந்த திருகாணி அடிப்பக்கம் இருந்தது. மேசைக்குக் கீழே போனால்தான் எட்டும். குனிந்து பார்த்தேன், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. படுத்துவிட்டேன். மண்ணில், மல்லாந்து.

"இன்னும் கொஞ்சம்" என்றார் மேலிருந்து. திருகினேன்.

"இன்னும்."

திருகினேன்.

"ஒரு மயிரிழை... நில்லு. நில்லு மாப்ள."

அப்புறம் சத்தமே இல்லை. மேசைக்கடியில் இருந்து எட்டிப் பார்த்தேன். சீனி கண்ணை மூடியிருந்தார். கன்னம் கட்டையில் படிந்திருந்தது. தலையணையில் படிவது போல.

"நாப்பது வருசம் ஆச்சுல்ல..." என்றார்.

தேநீர் குடித்துவிட்டு வந்த காசிநாதன், மேசைக்கடியில் மல்லாந்து கிடந்த கௌரவச் செயலாளரைப் பார்த்துப் பதறிப்போய், "ஐயய்யோ சார், விழுந்துட்டீகளா?" என்று ஓடி வந்தது தனிக் கதை.

சரி. அன்று வீட்டுக்கு வந்து நான் என்ன செய்திருக்க வேண்டும்? 'என் பழைய பத்தி தவறு' என்று இந்த இடத்தில் நாலு வரி எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. பலகையில் ஒட்டியிருந்ததே... அதைப் பார்த்துத் தலையாட்டியவர்கள் எத்தனை பேர்! ஒரு கழுத்துக்காக ஒரு கொள்கையை மாற்றுவதா என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

நாலு மாதம் போயிற்று. சீனி ஞாயிறுதோறும் சுட்டார். ஆடியில், மாநில மூத்தோர் போட்டிக்கு எங்கள் அணியைத் தேர்ந்தெடுக்கும் நாள் வந்தது. ஆளுக்குப் பத்துக் குண்டு; நூறுக்குத் தொண்ணூறு எடுத்தால் அணியில் இடம். அந்த நாளைப் பற்றிச் சீனி தன் மனைவி மரியத்திடம் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

ஐந்தாம் எண் மேசை சீனிக்கு. ஆறு எனக்கு. அவர் கையில் அவருடையது. என் கையில், கொள்கைப்படி, க்ளப் துப்பாக்கி.

ஆடி மாதத்துக் கச்சான் காற்று தெரியுமல்லவா? மேற்கே இருந்து மண்ணை வாரி இறைக்கும். பாயிண்ட் டூ-டூ குண்டு இலேசானது. காற்று தள்ளினால் போய்விடும். எங்கள் மைதானத்தின் ஓரத்தில் ஒரு பனை நிற்கிறது. அதன் ஓலை எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்த்து, அடங்கும்வரை காத்திருந்து சுடுவது எங்கள் ஊர் வழக்கம்.

பத்தாவது குண்டுக்கு முன்னால் தலையைத் தூக்கிப் பனையைப் பார்த்தேன். ஓலை ஆடியது... ஆடியது... நின்றது. அவசரமாகக் கன்னத்தைச் சாய்த்தேன். மணல் பை சற்று நகர்ந்திருக்க வேண்டும். குறியில் ஒரு கறுப்பு வட்டம் தெரிந்தது. அதன் மேலே உள்ள எண் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் சுட வேண்டும். நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் ஐந்தா ஆறா என்று தெரிந்திருக்காது. வலது கண்ணில் புரை. ஆறு மாதமாக டாக்டர் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் யாரிடமும் சொல்லவில்லை.

விசையை இழுத்தேன். அருமையான வெடி. பத்து என்று கை சொன்னது.

தொலைநோக்கியில் என் அட்டையைப் பார்த்தேன். புதிய துளை இல்லை.

பக்கத்தில், சீனி தன் தொலைநோக்கியில் இருந்து முகத்தை எடுத்தார். உடம்போடு என் பக்கம் திரும்பினார். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டோம்.

அட்டைகள் வந்தன. மதிப்பெண் போட்டவர் செல்வி. பள்ளியொன்றில் உடற்கல்வி ஆசிரியை, கறார்.

"சார், உங்க அட்டையில ஒம்பது துளைதான் இருக்கு."

"ஒம்பதா?" என்றார் காசிநாதன், தலையை நீட்டி. "யாரு சுட்டதும்மா? நல்லாப் பாரு. இந்தப் பத்து வட்டத்துல ஒரு ஓட்டை ஓரம் கிழிஞ்சிருக்கு. ஒரே ஓட்டையில ரெண்டு போயிருக்கு! சாருக்கு இது புதுசா?"

கைதட்டினார்கள்.

"ஆனா அஞ்சாம் நம்பர்ல பதினொண்ணு இருக்கே..." செல்வி இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குப் புரியத் தொடங்கிவிட்டது.

"அது நாந்தாம்மா" என்றார் சீனி. "எண்ணிக்கை தப்பிப்போச்சு. புதுத் துப்பாக்கி... விசை வெண்ணெய் மாதிரி இருக்கு. ஒண்ணு கூடப் போயிருச்சு." சொல்லிக்கொண்டே, மேசை மேல் கிடந்த பத்துக் காலித் தோட்டாக்களைப் பயிற்சியில் சுட்ட காலித் தோட்டாக்களோடு கையால் கலந்துவிட்டார். பித்தளை கிலுகிலுவென்று சத்தம் போட்டது. "சார் அட்டையைப் போய்ச் சந்தேகப்படலாமா?"

சார்.

எங்கள் விதிப்படி, ஒரு துளை கூடுதலாக இருந்தால், இருப்பதில் அதிகமானதை நீக்கிவிட்டு, இரண்டு மதிப்பெண் குறைக்க வேண்டும். சீனிக்கு எண்பத்தொன்பது. ஒன்று குறைவு. அணியில் இடமில்லை. எனக்குத் தொண்ணூற்று மூன்று.

நான் ஒன்றும் சொல்லவில்லை. பொய் சொல்லவில்லையே என்று அன்று மாலைவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வாட்ஸ்அப் குழுவில் காசிநாதன் எழுதினார்: "க்ளப் துப்பாக்கி, ஒரே துளையில் இரண்டு. கார் துப்பாக்கிக்கு எண்ணத் தெரியவில்லை!" பலகையில் என் பழைய பத்திக்குப் பக்கத்திலேயே என் அட்டையையும் ஒட்டினார்கள். திருப்பாலைக்குடி வாசகர் தொலைபேசியில் அழைத்தே விட்டார்: "சார், நீங்க எழுதுனது நிரூபணம் ஆயிருச்சாம்ல!"

புதன்கிழமை கீழக்கரைக்குப் போனேன். கதவைத் திறந்தது மரியம்.

"வாங்கண்ணே. அஸர் தொழுகப் போயிருக்காக, வந்துருவாக. உக்காருங்க." தண்ணீர் கொண்டுவந்து வைத்தவர், போகாமல் நின்றார். "அண்ணே, ஒண்ணு கேக்கட்டா? அந்தத் துப்பாக்கிய வித்துரலாம்னு சொல்றாக. எங்க பயலுக துபாய்ல இருந்து போன் போட்டுச் சிரிக்கிறானுக போல. நீங்கதான் அண்ணே வேணாம்னு சொல்லணும்."

"நானா?"

"நீங்க சொன்னாத்தான் கேப்பாக." முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஊருக்கு வந்து மூணு வருசமாச் செவுத்தப் பாத்துக்கிட்டு இருந்த மனுசன். இந்த நாலு மாசமாத்தான் ஞாயித்துக்கெழம ஆனா சட்டையத் தேய்ச்சுக் குடுங்குறாக. அது எவ்வளவு வெலயா இருந்தா எனக்கென்ன அண்ணே?"

இயற்பியலில் இதற்கு அளவுகோல் கிடையாது. வைஸில் இறுக்கிச் சுட்டுப் பார்த்தபோது இந்த எண் என் தாளில் வரவில்லை.

சீனி வந்தார். மரியம் உள்ளே போனதும் கேட்டேன்.

"ஏன்டா அப்படிச் சொன்ன?"

"எதை?"

"நடிக்காத."

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு, "நீ ஊருக்கு எழுதுறவன். உம் பேரு பேப்பர்ல வருது. எம் பேரு அந்த அட்டையில மட்டுந்தான். போனாப் போவுது."

"அது காரணம் இல்ல."

"இல்லதான்." சிரித்தார். "அன்னைக்கு மேசைக்கடியில படுத்தேல்ல... எந்திரிச்சப்ப ஒன் வெள்ளச் சட்ட முதுகு பூரா மண்ணு. காலேஜ்ல இருந்து ஒன்னய மண்ணோட பாத்ததே இல்ல. தட்டிவிடாமலே வீட்டுக்குப் போன. அதுக்கு நான் ரெண்டு மதிப்பெண் குடுக்கக் கூடாதா?"

 அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, உடம்போடு என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"மாப்ள, இதை எழுதித் தொலைச்சிராத."

வாக்குக் கொடுக்கவில்லை. இம்முறை என் மௌனம் சரியானது என்று நம்புகிறேன்.

ஆகவே, திருப்பாலைக்குடி வாசகருக்குத் திருத்திய பதில். கழுத்து வளைகிறவரும் கண் தெரிகிறவரும் க்ளப் துப்பாக்கியில் சுடலாம்; மிச்சப் பணத்தில் நாலைந்து வகைத் தோட்டா வாங்கி, குழலுக்கு எது பிடிக்கிறது என்று பாருங்கள். குழலுக்காகக் கார் விலை கொடுக்க வேண்டியதில்லை. அதில் அரைப் பொத்தான்தான் லாபம். ஆனால் அந்தத் திருகாணிகள்... துப்பாக்கியை மனிதனின் உயரத்துக்குக் கொண்டுவருகிற அந்தச் சின்னத் திருகாணிகள் யாருக்குத் தேவையோ, அவருக்கு எந்த விலையும் அதிகமில்லை. சாக்கு வாங்குகிறார் என்று எழுதினேன். தவறு. சாக்கு என்னிடம்தான் இருந்தது.

செயலாளர் பொறுப்பில் இருந்து விலகும் கடிதமும், இரண்டு அட்டைகளும் செல்வியிடம் சேர்ந்துவிட்டன. கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. பலகையில் உள்ள பழைய பத்தியைக் கிழித்துவிட்டு, இதை ஒட்டவும்.

மற்றபடி, என் அட்டையில் ஒரே துளையில் இரண்டு குண்டுகள் போனதாகச் சொல்கிறார்கள். போகவில்லை. என் அட்டையில் இருப்பது ஒன்பது. பத்தாவது சீனி முகம்மதுவின் அட்டையில் இருக்கிறது. என் மதிப்பெண் எண்பத்து மூன்று. அவருடையது தொண்ணூற்று ஒன்று.